எட்டுச் சிலிண்டரும் நாலடி மண்மேடும்

2022ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் திகதி, ஜேர்மனியின் ஸ்டுட்காட் நகரில் ஒரு கார் ஏலத்தில் விற்கப்பட்டது. விலை 13 கோடியே 50 இலட்சம் யூரோ. அதற்கு முன்னர் எந்த ஏலத்திலும் ஒரு காருக்கு இவ்வளவு பணத்தை எவரும் கொடுத்ததில்லை.

நேயர்களே, விலையைக் கேட்டு வாய் பிளப்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்தக் கார் எது என்பதுதான் இன்றைய பேச்சுக்குப் பொருள். 1955ஆம் ஆண்டு மேர்சிடிஸ் பென்ஸ் கம்பனி செய்த 300 எஸ்.எல்.ஆர். என்னும் பந்தயக் காரின் கூரை போட்ட வடிவம் அது. இரண்டே இரண்டு செய்தார்கள். வெள்ளி நிறம், மேல்நோக்கித் திறக்கும் கதவுகள், பார்த்தால் பார்த்துக்கொண்டே நிற்கலாம். ஆனால் அவை இரண்டும் எந்தப் பந்தயத்திலும் ஓடவில்லை. ஓடுவதற்கு முன்னரே கம்பனி பந்தயத்தை விட்டு விலகிவிட்டது. அதற்கு மேல் அவற்றுக்கு வேலை இல்லாமற் போகவே, அதைச் செய்த பொறியியலாளர் ருடோல்ஃப் ஊலன்ஹௌட் ஒன்றைத் தம்முடைய சொந்தப் பாவனைக்கு வைத்துக்கொண்டு தெருவிலே ஓட்டித் திரிந்தார்.

கூரை போடாத அக்காமார் வேறு சிலர் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி 1955 மே முதலாம் திகதி இத்தாலியில் ஓடிய ஓட்டத்தை மோட்டார் பந்தய உலகம் இன்றும் வியந்து பேசுகிறது. இன்னொருத்தி அதே ஆண்டு ஜூன் 11ஆம் திகதி பிரான்சிலே எண்பதுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றாள். இடையில் ஆறு கிழமைகூட இல்லை. எஞ்சின் ஒன்றுதான், கம்பனி ஒன்றுதான், கார்களை ஓட்டியவர்களும் தேர்ந்த சாரதிகள்தான். எஞ்சினின் சத்தத்திலேயே மயங்கிப்போகும் என்னைப் போன்றவர்கள் இந்த இரண்டு நாட்களையும் சேர்த்தே பார்க்கவேண்டும். ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை மறைப்பது சரியல்ல.

முதலில் எஞ்சினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் போனால் எனக்கு நித்திரை வராது.

ஒரே வரிசையில் எட்டுச் சிலிண்டர்கள். கொள்ளளவு 2,982 கன சென்ரிமீற்றர். வலு ஏறக்குறைய 300 குதிரைவலு. எட்டுச் சிலிண்டரை ஒரே வரிசையில் வைத்தால் கிராங் ஷாஃப்ட் நீண்டுபோகும். நீண்ட தண்டு முறுகும். முறுகினால் ஒருநாள் உடையும். ஆகவே அவர்கள் என்ன செய்தார்கள் என்றால், நாலும் நாலுமாக இரண்டு கட்டைகளாகப் பிரித்து, வலுவை முனையிலிருந்து எடுக்காமல் நடுவிலிருந்து எடுத்தார்கள். காவடி எடுப்பவன் தண்டின் நடுவிலே தோளைக் கொடுப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். பொனற் உயரமாக இராமல் பதிந்திருக்க வேண்டும் என்பதற்காக எஞ்சினை ஒரு பக்கமாகச் சரித்து வைத்தார்கள்.

அடுத்தது வால்வு. சாதாரண எஞ்சினில் வால்வைத் திறப்பது ஒரு கேம், மூடுவது ஒரு ஸ்பிரிங். எஞ்சின் நிமிடத்துக்கு ஏழாயிரம் சுற்றைத் தாண்டும்போது ஒவ்வொரு வால்வும் ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய அறுபது தடவை திறந்து மூடவேண்டும். அந்த வேகத்தில் அந்தக் காலத்து ஸ்பிரிங்கினால் ஈடுகொடுக்க முடியாது. வால்வு மூட முன்னர் பிஸ்ரன் மேலே வந்துவிடும். இரண்டும் முட்டினால் எஞ்சின் முடிந்தது. மேர்சிடிஸ்காரர் ஸ்பிரிங்கைத் தூக்கி எறிந்துவிட்டு, திறக்க ஒரு கேம், மூட இன்னொரு கேம் என்று வைத்தார்கள். ஸ்பிரிங்கைப்போலக் களைத்துப்போகாமல் இரும்பே வால்வை இழுத்து மூடியது. இத்தாலியின் டுகாட்டி மோட்டார் சைக்கிள்கள் இதே வழியைப் பின்னர் பல பத்தாண்டுகளாகக் கையாண்டன.

மூன்றாவது, பெற்றோலைக் கொடுக்கும் விதம். காபரேற்றர் கிடையாது. உயர்ந்த அமுக்கத்தில் ஒரு பம்ப், அளந்து அளந்து, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் நேரே பெற்றோலைச் சீறியடிக்கும். இரண்டாம் உலக யுத்தத்தில் மெசர்ஷ்மிட் போர் விமானங்களுக்கு எஞ்சின் செய்தபோது டைம்லர் பென்ஸ் கம்பனி கற்றுக்கொண்ட வித்தை இது. இன்றைக்குத் தெருவில் ஓடும் புதிய பெற்றோல் கார்களில் மிகப் பலவற்றில் இதே முறைதான், கணினியின் கட்டுப்பாட்டில் நடக்கிறது.

ஆனால் காபரேற்றரையும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன். 1990களில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாதிருந்த காலத்தில் பழைய ஒஸ்ரின் ஏ 40 கார்களையும் மொறிஸ் மைனர்களையும் எதில் ஓட்டினார்கள்? காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோலை விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். புகை கக்கிக்கொண்டு, இருமிக்கொண்டு, அந்தக் கார்கள் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கும் பொம்பிளை மாப்பிள்ளையைக் கோயிலுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தன. எஸ்.எல்.ஆர். எஞ்சினுக்கு மண்ணெண்ணெயைக் கொடுத்திருந்தால் ஒரு முழத் தூரமும் போயிராது. கெட்டித்தனமான எஞ்சின் என்பதற்கு ஒரு விளக்கம் மட்டும் இல்லை.

இனி அந்த மே மாதத்துக்கு வருவோம்.

மில்லே மில்யா என்றால் இத்தாலிய மொழியில் ஆயிரம் மைல். பிரேஷியா நகரில் புறப்பட்டு, அத்ரியாற்றிக் கடற்கரையோரமாகத் தெற்கே போய், மலை தாண்டி ரோமுக்கு வந்து, அங்கிருந்து வடக்கே திரும்பி சியனா, ஃபுளோரன்ஸ், பொலோஞ்ஞா வழியாக மறுபடி பிரேஷியா. 1927இல் தொடங்கிய பந்தயம். இதற்கென்று கட்டிய பாதை கிடையாது. மற்ற நாட்களில் மாட்டு வண்டியும் பஸ்ஸும் போகும் தெருதான். 1955இல் ஐந்நூறுக்கு மேற்பட்ட கார்கள் கலந்துகொண்டன. முதல் நாள் இரவே சிறிய கார்கள் ஒரு நிமிடத்துக்கு ஒன்றாகப் புறப்படத் தொடங்கிவிடும். பெரிய கார்கள் காலையில். புறப்படும் நேரமே காரின் இலக்கம். ஸ்டேர்லிங் மொஸ் என்ற இருபத்தைந்து வயது ஆங்கிலேயர் ஓட்டிய காரின் இலக்கம் 722. அதாவது காலை 7 மணி 22 நிமிடம்.

ஆயிரம் மைல் தெருவை எந்த அந்நியனும் மனப்பாடம் பண்ண முடியாது. இத்தாலியச் சாரதிகள் பிறந்து வளர்ந்த தெரு அது. மொஸ்ஸுக்கு ஒரு வழி தேவைப்பட்டது. அந்த வழியாக வந்தவர் டெனிஸ் ஜென்கின்சன். கட்டையான உருவம், செந்தாடி, தடித்த கண்ணாடி. தொழில் பத்திரிகை எழுத்து. அதற்கு முன்னர் பக்கக்கூடு பூட்டிய மோட்டார் சைக்கிள் பந்தயத்தில், கூட்டுக்குள் தொங்கிக்கொண்டு 1949இல் உலக சம்பியன் பட்டத்தில் பங்கு பெற்றவர். வேறொருவன் ஓட்ட, தான் பக்கத்தில் இருந்து உயிரை நம்பிக் கொடுக்கும் பழக்கம் அவருக்கு ஏற்கெனவே இருந்தது.

இருவரும் பந்தயத்துக்கு முன்னர் பல தடவை அந்தத் தெருவைச் சுற்றினார்கள். ஒவ்வொரு வளைவையும், ஒவ்வொரு புகையிரதக் கடவையையும், கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும் ஒவ்வொரு மேட்டையும் ஜென்கின்சன் எழுதிக்கொண்டார். எழுதியதை ஒரு நீண்ட காகிதச் சுருளாக்கி, ஒரு சிறிய உலோகப் பெட்டிக்குள் வைத்து, கண்ணாடி யன்னல் வழியே பார்த்து உருட்டிக்கொண்டு போகும்படி செய்தார்கள். பேசிச் சொல்வதற்கு ஒரு கருவியும் பூட்டிப் பார்த்தார்கள். அது சரிவரவில்லை. காது கேட்காததல்ல காரணம். எல்லையில் ஓட்டுகிறவனுடைய மூளை அந்த நேரத்தில் பேச்சை உள்ளே எடுப்பதில்லை என்று கண்டார்கள். ஆகவே கைச்சாடை. இன்ன வளைவுக்கு இன்ன சாடை என்று வகுத்துக்கொண்டார்கள்.

கார் ஓட்டும் எவரும் இந்த இடத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கவேண்டும். முன்னே தெரு ஒரு மேட்டில் ஏறி மறைகிறது. அப்பால் நேரே போகிறதா, இடப்பக்கம் முறிகிறதா, தெரியாது. வேகம் மணிக்கு 270 கிலோமீற்றர். பக்கத்தில் இருப்பவருடைய கை, நேரே போ என்கிறது. காலை எடுக்காமல் போகவேண்டும். ஒரு மேட்டில் கார் அப்படியே அந்தரத்தில் எழுந்து பறந்து மறுபடி தெருவில் விழுந்ததாக ஜென்கின்சன் எழுதியிருக்கிறார். விழும்போது ஸ்ரியரிங்கைக் கொஞ்சமேனும் திருப்பாமல் மொஸ் நேராகப் பிடித்திருந்தார். வேகமாக ஓட்டுவது எத்தனையோ பேருக்கு முடியும். இன்னொருவருடைய கையை இவ்வளவு நம்புவது எத்தனை பேருக்கு முடியும்?

வழியில் ஜென்கின்சனுக்கு வாந்தி வந்தது. வெளியே எட்டி வாந்தி எடுக்கும்போது மூக்குக் கண்ணாடி காற்றில் போய்விட்டது. மற்றொரு சோடி கொண்டுவந்திருந்தார். ஆளைப் பாருங்கள்! ரோமில் முதலாவதாக வருபவன் பிரேஷியாவில் முதலாவதாக வரமாட்டான் என்று ஒரு பழைய நம்பிக்கை இருந்தது. மொஸ் ரோமுக்கு முதலாவதாக வந்தார். பிரேஷியாவுக்கும் அவரே முதலாவதாக வந்தார். 10 மணித்தியாலம் 7 நிமிடம் 48 செக்கன். சராசரி வேகம் மணிக்கு 157 கிலோமீற்றருக்கு மேல். நகரங்களும் மலைப்பாதைகளும் எல்லாம் சேர்த்துத்தான் இந்தச் சராசரி. இரண்டாவதாக வந்தவர் அதே வகைக் காரைத் தனியாக ஓட்டிய ஆஜென்ரீனாவின் ஹுவான் மனுவேல் ஃபான்ஜியோ. அக்காலத்து உலக சம்பியன். அவர் அரை மணித்தியாலத்துக்கு மேல் பிந்திவிட்டார்.

அந்தப் பந்தயத்தின் படங்களைப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். சனங்கள் தெருவோரத்தில் அல்ல, தெருவிலேயே நிற்கிறார்கள். கார் வரும்போது திரை விலகுவதுபோல விலகுகிறார்கள். தகப்பன் தோளில் பிள்ளை இருக்கிறது. கார் போனதும் மறுபடி மூடிக்கொள்கிறார்கள். 1938இல் இதே பந்தயத்தில் பொலோஞ்ஞாவில் ஒரு கார் கூட்டத்துக்குள் புகுந்து பத்துப் பேர் இறந்தார்கள். பந்தயத்தைத் தடைசெய்தார்கள். பிறகு யுத்தம் வந்தது. யுத்தம் முடிந்தபின் 1947இல் பழைய தெருக்களிலேயே மறுபடி தொடங்கினார்கள். பத்துப் பேரை மறப்பதற்கு ஒன்பது ஆண்டுகள் போதுமாயிருந்தன.

லு மான் வேறு விதமான பந்தயம். பிரான்சில் அந்த நகரத்துக்கு அருகே உள்ள தெருக்களைச் சேர்த்து ஒரு சுற்று, ஏறக்குறைய பதின்மூன்றரை கிலோமீற்றர். அதை இருபத்துநான்கு மணித்தியாலம் சுற்றவேண்டும். காருக்கு இரண்டு சாரதிகள், மாறி மாறி ஓட்டுவார்கள். மேர்சிடிஸ் கம்பனி மூன்று 300 எஸ்.எல்.ஆர். கார்களை அனுப்பியது. ஒன்றில் ஃபான்ஜியோவும் மொஸ்ஸும். இன்னொன்றில் பியேர் லெவெக் என்ற நாற்பத்தொன்பது வயதுப் பிரெஞ்சுக்காரரும் ஜோன் ஃபிட்ச் என்ற அமெரிக்கரும்.

லெவெக்கைப் பற்றிச் சொல்லவேண்டும். அவருடைய உண்மைப் பெயர் பியேர் பூயியான். கார்ப் பந்தயத்தின் ஆதிநாட்களில் லெவெக் என்ற பெயரில் ஓட்டி, 1904இல் இறந்துபோன தம் மாமாவின் நினைவாக அந்தப் பெயரைத் தமக்கும் வைத்துக்கொண்டவர். 1952இல் இதே லு மானில் டல்போ என்ற பிரெஞ்சுக் காரில் முன்னணியில் போய்க்கொண்டிருந்தார். எஞ்சினில் ஏதோ அதிர்வு இருப்பதை உணர்ந்தார். அதைப் பக்குவமாக ஓட்டிக் கொண்டுபோகத் தம்மால்தான் முடியும் என்று எண்ணினாரோ என்னவோ, கூட்டுச் சாரதியிடம் காரைக் கொடுக்க மறுத்துவிட்டார். இரவு முழுவதும், அடுத்த நாள் காலை முழுவதும், மத்தியானமும் தாண்டி, தனி ஒருவராக ஏறக்குறைய இருபத்துமூன்று மணித்தியாலம் ஓட்டினார். வெற்றிக்கு ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல் இருக்கும்போது எஞ்சின் உடைந்தது. வென்றது மேர்சிடிஸ். யுத்தம் முடிந்து ஏழாவது ஆண்டில், பிரெஞ்சு மண்ணில், ஜேர்மன் காருக்கு வெற்றி. அந்த மைதானம் எப்படி அமைதியாகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர் மேர்சிடிஸ் அணி முகாமையாளர் அல்ஃபிரட் நொய்பௌவர் அதே லெவெக்குக்குத் தம்முடைய காரில் ஓர் இடம் கொடுத்தார்.

1955 ஜூன் 11, மாலை நாலு மணிக்குப் பந்தயம் தொடங்கியது. இரண்டரை இலட்சம் சனம். ஃபான்ஜியோவும் ஜகுவார் காரில் வந்த மைக் ஹோதோன் என்ற ஆங்கிலேயரும் தொடக்கத்திலிருந்தே ஒருவரையொருவர் விரட்டினார்கள். இருபத்துநான்கு மணித்தியாலப் பந்தயத்தை இரண்டு மணித்தியாலப் பந்தயம்போல ஓட்டினார்கள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

ஆறரை மணிக்குச் சற்று முன்னர், ஹோதோன் பெற்றோல் நிரப்புவதற்காகத் தம்முடைய அணியின் தரிப்பிடத்துக்குத் திரும்பவேண்டியிருந்தது. முன்னே மெதுவான ஒஸ்ரின் ஹீலி ஒன்று போனது. அதை ஓட்டியவர் லான்ஸ் மக்லின். ஹோதோன் அதை முந்திக்கொண்டு, பின்னர் வலப்பக்கம் எடுத்துப் பிறேக் போட்டார். மக்லின் மோதாமல் தப்புவதற்கு இடப்பக்கம் வெட்டினார். இடப்பக்கத்தில் மணிக்கு 240 கிலோமீற்றர் அளவில் லெவெக் வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஃபான்ஜியோ. லெவெக் கையை உயர்த்தித் தம்மை எச்சரித்ததாக ஃபான்ஜியோ பிற்காலத்தில் எப்போதும் சொல்லிவந்தார். அந்த ஒரு கணத்தால் அவர் பிழைத்தார். லெவெக்கின் கார் ஹீலியின் சரிவான பின்புறத்தில் ஏறி, எழும்பி, பார்வையாளர் பக்கத்து மண்மேட்டில் மோதிச் சிதறியது.

மண்மேட்டின் உயரம் ஏறக்குறைய நாலடி. தெருவுக்கும் சனத்துக்கும் இடையில் இருந்த காப்பு அவ்வளவுதான்.

பொனற்றும், முன் அச்சும், நான் மேலே ஆசையோடு வர்ணித்த அந்த எஞ்சினும் கழன்று கூட்டத்துக்குள் பாய்ந்தன. பாரம் குறைவாக இருக்கவேண்டும் என்பதற்காகக் காரின் உடலை மக்னீசியம் கலந்த உலோகத்தில் செய்திருந்தார்கள். மக்னீசியம் பற்றினால் வெள்ளையாய் எரியும். அதற்குத் தண்ணீர் ஊற்றினால் தண்ணீரிலிருந்து ஐதரசன் பிரிந்து தீ மேலும் மூளும். தீயணைக்க வந்தவர்கள் தண்ணீரை ஊற்றினார்கள். லெவெக் அந்த இடத்திலேயே இறந்தார். அவரையும் சேர்த்து இறந்தவர்கள் எண்பதுக்கு மேல். மோட்டார் பந்தய வரலாற்றில் இதைவிடப் பெரிய விபத்து கிடையாது.

பந்தயம் நிற்கவில்லை. நிறுத்தினால் இரண்டரை இலட்சம் பேரும் ஒரேயடியாக வெளியேறி அம்புலன்ஸ் போகும் தெருக்களை அடைத்துவிடுவார்கள் என்று நடத்தியவர்கள் காரணம் சொன்னார்கள். காரணத்தில் நியாயம் இருக்கிறது, நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் காயப்பட்ட கடைசி ஆளும் போய்ச் சேர்ந்த பின்னர், விடியவிடிய, மறுநாள் மாலை நாலு மணிவரை எதற்கு ஓடினார்கள்? அதற்கு அந்தக் காரணம் போதாது. விபத்து நடந்தபோது ஃபிட்ச், லெவெக்கின் மனைவியோடு நின்றிருந்தார். அடுத்ததாகக் காரை எடுக்கவேண்டியவர் அவர்தான். மேர்சிடிஸ் அணி விலகவேண்டும் என்று வற்புறுத்தியவர்களில் அவரும் ஒருவர். பிரான்சிலே, யுத்தம் முடிந்து பத்தாவது ஆண்டில், ஜேர்மன் கார் ஒன்று பிரெஞ்சுச் சனங்களுக்குள் பாய்ந்திருக்கிறது. அதற்குப் பிறகு அதே கம்பனியின் கார் வென்றால் எப்படியிருக்கும் என்று ஸ்டுட்காட்டில் இருந்தவர்களுக்கும் விளங்கியது. நள்ளிரவு தாண்டி உத்தரவு வந்தது. ஃபான்ஜியோவும் மொஸ்ஸும் முன்னணியில் இருந்தபோதே கார்களை உள்ளே அழைத்தார்கள். ஜகுவார் அணியையும் விலகும்படி கேட்டார்கள். அவர்கள் மறுத்துவிட்டார்கள். ஹோதோன் வென்றார். வென்றவர் ஷம்பெயின் குடிக்கும் படத்தைப் பிரெஞ்சுப் பத்திரிகைகள் மன்னிக்கவில்லை.

குற்றவாளி யார் என்று அன்றுமுதல் வாதம் நடக்கிறது. ஹோதோன் சடுதியாக வெட்டினார் என்பார் ஒருவர். மக்லின் கண்ணாடியைப் பார்க்கவில்லை என்பார் இன்னொருவர். நாற்பத்தொன்பது வயதில் லெவெக்குக்கு அந்தக் கார் கூடாது என்பார் மூன்றாமவர். இது கடைசியாகச் சொன்னவர்களின் கொடுமை, செத்தவன் வந்து மறுமொழி சொல்லமாட்டான் அல்லவா? ஹோதோன் 1958இல் வெளியிட்ட சுயசரிதையில் தம்மேல் பிழையில்லை என்ற தொனியில் எழுதினார். மக்லின் மானநட்ட வழக்குத் தொடுத்தார். வழக்கு முடியுமுன்பே, 1959 ஜனவரியில், ஹோதோன் இங்கிலாந்தில் சாதாரண தெருவில் தம்முடைய ஜகுவாரை ஓட்டிச் சென்று விபத்தில் இறந்தார். அப்போது அவர் உலக சம்பியன். பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்றுச் சில மாதங்கள்கூட ஆகவில்லை.

பிரெஞ்சு அரசாங்க விசாரணை எந்தச் சாரதியையும் குற்றவாளியாகக் காணவில்லை. பாதைதான் பொருந்தவில்லை என்றது. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. கணக்கைப் பாருங்கள். லு மானில் முதற் பந்தயம் நடந்தது 1923இல். அன்று வென்ற காரின் சராசரி வேகம் மணிக்கு 92 கிலோமீற்றர். 1955இல் வென்ற காரின் சராசரி 172. வேகம் இரண்டு மடங்கானால் காரின் இயக்கச் சக்தி நாலு மடங்காகும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். அந்தக் கணக்கின்படி 1955ஆம் ஆண்டுக் கார், பாரம் ஒன்றாக இருந்தாலும், 1923ஆம் ஆண்டுக் காரைவிட ஏறக்குறைய மூன்றரை மடங்கு பலமாக மோதும். ஆனால் சனம் நின்ற இடத்தில் தெரு அதே ஒடுக்கமான தெரு. தரிப்பிடத்துக்கும் ஓடுபாதைக்கும் நடுவே ஒரு சுவர்கூட இல்லை. மெதுவாக்கும் கார் விலகிப்போக ஒரு தனி வழி இல்லை. வால்வு மூடுவதற்கு எத்தனை ஆயிரத்தில் ஒரு பங்கு செக்கன் வேண்டும் என்று அளந்தவர்கள் இருந்தார்கள். சக்கரத்துக்கும் சனத்துக்கும் இடையே எத்தனை அடி வேண்டும் என்று அளப்பதற்கு ஒருவரும் இருக்கவில்லை.

இதிலே பார்வையாளரையும் ஒரு வார்த்தை கேட்பவர்கள் உண்டு. ஆபத்து என்று தெரிந்துதானே வந்து நின்றார்கள் என்பார்கள். சாரதிக்கு அது பொருந்தும். அவன் தன் உயிரைத் தன் கையில் வைத்துக்கொண்டு பந்தயம் கட்டுகிறான். ரிக்கற் வாங்கிக்கொண்டு பிள்ளையைத் தூக்கிக் காட்டிய தகப்பன் அப்படி ஒரு பந்தயமும் கட்டவில்லை. காசு வாங்கியவன் பாதுகாப்பையும் சேர்த்துத்தான் விற்றான் என்று அவன் நம்பினான்.

அதற்குப் பிறகு பல காரியங்கள் நடந்தன. அந்த ஆண்டு பிரான்ஸ், ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, ஸ்பெயின் ஆகிய நாடுகளின் கிராண்ட் பிறீ பந்தயங்கள் கைவிடப்பட்டன. சுவிற்சர்லாந்து சுற்றுப்பாதைப் பந்தயத்தையே தடைசெய்தது. அந்த நாட்டில் பெரிய சுற்றுப்பாதைப் பந்தயம் ஒன்று மறுபடி நடந்தது 2018இல், சூரிச் நகரத் தெருக்களில். அதுவும் சத்தமில்லாத மின்சாரக் கார்களுக்கு. லு மானில் பழைய மண்டபங்களை இடித்து, தெருவை அகலமாக்கி, தரிப்பிடத்தைப் புதிதாகக் கட்டினார்கள். வேலை முடியாததால் 1956ஆம் ஆண்டுப் பந்தயம் ஜூலை இறுதிக்குத் தள்ளிப்போனது. மேர்சிடிஸ் 1955 பருவத்தை முடித்து, எல்லாப் பட்டங்களையும் வென்று, கார்களைத் துணியால் மூடிவிட்டது. கம்பனியின் சொந்த அணி மறுபடி கிராண்ட் பிறீ பந்தயத்துக்கு வந்தது 2010இல்தான்.

ஆனால் இத்தாலியர்கள் தெருப்பந்தயத்தை நிறுத்தவில்லை. லு மானைக் கண்டும் அவர்கள் கற்றுக்கொள்ளவில்லை என்பதுதான் என் மனத்தாங்கல். 1957 மே 12ஆம் திகதி மில்லே மில்யாவில், பந்தயம் முடியப்போகும் கட்டத்தில், குய்திட்சோலோ என்ற ஊருக்கு அருகே நேரான தெருவில் அல்ஃபோன்சோ டி போர்ட்டாகோ என்ற ஸ்பானியர் ஓட்டிய ஃபெராரியின் ரயர் வெடித்தது. அவரும், பக்கத்தில் இருந்த எட்மண்ட் நெல்சனும், தெருவோரத்தில் நின்ற ஒன்பது பேரும் இறந்தார்கள். ஒன்பதில் ஐந்து பேர் சிறுபிள்ளைகள். கார் முதலாளி என்ஸோ ஃபெராரிமேல் வழக்குப் போட்டார்கள். 1961இல்தான் விடுதலையானார். அந்தப் பந்தயத்தில் வென்றவர் பியேரோ தாருஃபி என்ற ஐம்பது வயதுக்காரர். வென்றால் ஓட்டத்தை விட்டுவிடுகிறேன் என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். வாக்கைக் காப்பாற்றினார். அந்தப் பழைய மில்லே மில்யாவும் அத்தோடு முடிந்தது.

ஜோன் ஃபிட்சைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. யுத்தத்தில் அவர் அமெரிக்கப் போர் விமானி. ஜேர்மனியரின் ஜெற் விமானம் ஒன்றைச் சுட்டு வீழ்த்தியவர். பிறகு தாமே சுட்டு வீழ்த்தப்பட்டு ஜேர்மனியரிடம் கைதியானார். பத்தாண்டுகள் கழித்து அதே ஜேர்மனியருக்காகக் கார் ஓட்ட வந்தவர், அந்த ஜூன் மாலையில் அந்த நாலடி மண்மேட்டைக் கண்டார்.

அமெரிக்கா திரும்பிய பின்னர் அவர் பாதுகாப்பு வேலையில் இறங்கினார். நெடுஞ்சாலையில் பாலத்தூணுக்கும் மதில் முனைக்கும் முன்னால் வைப்பதற்கு ஒரு தடுப்பை 1960களில் உருவாக்கினார். உள்ளே பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. பிளாஸ்ரிக் பீப்பாய்கள், அவற்றுக்குள் மணல். யுத்த காலத்தில் கூடாரத்தைச் சுற்றி மணல் நிரப்பிய எண்ணெய்த் தகரங்களை அடுக்கியதிலிருந்து வந்த யோசனை என்று சொல்வார்கள். முதல் வரிசைப் பீப்பாயில் மணல் கொஞ்சம். அடுத்ததில் கூட. கடைசி வரிசையில் நிறைய. மோதும் கார் ஒவ்வொரு வரிசையாக உடைத்துக்கொண்டு போகப்போக வேகத்தை மணலுக்குக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். பரிசோதனைக்கு வேறு ஆளைத் தேடாமல் தாமே காரில் ஏறி, மணிக்கு நூறு கிலோமீற்றர் வேகத்துக்கு மேலும் அந்தப் பீப்பாய்களில் மோதிப் பார்த்தார்.

2012இல், தொண்ணூற்றைந்தாவது வயதில் அவர் காலமானார். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் வெளியேறும் வழி பிரியும் இடங்களில் மஞ்சள் நிறத்தில் அந்தப் பீப்பாய்கள் வரிசையாக நிற்கும். ஒன்று உடைந்தால் தெரு வேலைக்காரர் வந்து, புதிய பீப்பாய் வைத்து, மணலை அளந்து போட்டுவிட்டுப் போவார்கள்.